இணைப்பு வந்துருச்சு, சரி... போன ரெண்டரை மணி நேரம் எங்கே?

தலைப்பைப் பார்த்துவிட்டு ஏதோ மொபைல் நெட்வொர்க் புலம்பல் என்று நினைத்து உள்ளே வந்தவர்களிடம் முதலிலேயே ஒரு மன்னிப்பு. இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். அதிலும் கம்ப்யூட்டரைக் கண்காணிக்கிற கம்ப்யூட்டர் பற்றிய சமாச்சாரம். "நீ படிக்கிறது பி.காம், உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்று என் வகுப்பு மக்கள் கேட்பார்கள். தாராளமாகக் கேளுங்கள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள். தப்பு செய்திருப்பது சாஃப்ட்வேர்காரர்கள். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கிற பாடம் இருப்பது நம்ம சிலபஸில்.

முதலில் கதை.

எங்கள் சித்தப்பாவுக்கு மதுரையில் மளிகை மொத்தக் கடை. லீவு நாட்களில் நான் போய்க் கணக்கு வழக்கு பார்ப்பேன் (சம்பளம் கிடையாது, டிபன் உண்டு). கடையில் ஒரு பில்லிங் சர்வர், மூன்று கவுன்டர். சர்வர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு மாதச் சந்தாவில் ஒரு கண்காணிப்புச் சேவை. சர்வருக்குள் ஏஜென்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் உட்கார்ந்திருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை "சிபியு இவ்வளவு, மெமரி இவ்வளவு, டிஸ்க் இவ்வளவு" என்று வெளியே எங்கோ இருக்கிற அந்தச் சேவைக்கு எண்களை அனுப்பும். அது கோடு போட்டுக் காட்டும். பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட்.

போன தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை சாயங்காலம் கடையில் கூட்டம் அலை மோதுகிறது. முதல் கவுன்டரில் பதினோரு வருஷமாக பில் போடுகிற ஒரு அண்ணன். அவர் கவுன்டரில் வரிசை நகரவே இல்லை. சித்தப்பா கத்துகிறார். அண்ணன் "மெஷின் சுத்திக்கிட்டே இருக்கு மொதலாளி, எண்ட்ரி ஏற மாட்டேங்குது" என்கிறார். அதிகமாகச் சரக்கு எடுக்கிற வியாபாரிகள் அந்தக் கவுன்டரில்தான் நிற்பார்கள். அவர்களில் ரெண்டு பேர் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பாவுக்கு அது போதாதா?

மாதக் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. அதை உரக்கப் படித்துக் காட்டியது நான். "சர்வர் இயக்கம் 100 சதவீதம்." சனிக்கிழமைக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாயங்காலம் முழுக்க வாய்க்கால் தண்ணி மாதிரி நேராகப் போயிருந்தது. ஒரு மேடு பள்ளம் இல்லை. சித்தப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "மெஷின் சரியாத்தான்டா இருந்திருக்கு. ஆளுதான் சரியில்ல." அதை நாலு பேர் முன்னால் அண்ணனிடமும் சொன்னார். அடுத்த மாதம் அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார்.

அந்தக் கோடு ஏன் அவ்வளவு நேராக இருக்கிறது என்று எனக்கு உறுத்தியது டிசம்பரில்தான். எண்களை எக்செலில் இறக்கிப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 1,440 நிமிஷம், அதனால் 1,440 வரி இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமைக்கு 1,290 வரிதான் இருந்தது. 150 வரியைக் காணோம். மாலை 6:40 முதல் 9:10 வரை ஒரு எண்ணும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, நடுவில் படம் போடுகிற சாஃப்ட்வேர் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்திருக்கிறது! நான் "நேராக ஓடியிருக்கிறது" என்று படித்துக் காட்டியது அந்த ஸ்கேல் கோட்டைத்தான்.

சர்வரின் சொந்த லாகைத் திறந்தால் அதே நேரத்தில் டிஸ்க் பிழைகள் வரிசையாக நிற்கின்றன. ஹார்டு டிஸ்க் சாகக் கிடந்திருக்கிறது. பில்லும் ஏறவில்லை, ஏஜென்டும் மூச்சு விடவில்லை. அண்ணன் சொன்னது சத்தியம்.

சேவைக்காரர்களுக்குப் போன் போட்டேன். "ஏஜென்ட் கனெக்‌ஷன் போயிருக்கு சார், ஆனா தானாவே ரீகனெக்ட் ஆயிருச்சு. இப்ப நல்லா ஓடுது பாருங்க" என்றார்கள். சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார்: "விடுடா. அதான் இப்ப நல்லா ஓடுதுல்ல."

என் சண்டை இந்த வாக்கியத்தோடுதான் மக்களே. "இப்ப நல்லா ஓடுதுல்ல."

சரி, விஷயத்துக்கு வருவோம். ஏஜென்டுக்கும் சேவைக்கும் நடுவில் இணைப்பு அறுந்து போவது பெரிய அதிசயம் இல்லை. நெட் போகும், ரூட்டர் தொங்கும், கரண்ட் போகும். சர்வரே திணறினாலும் போகும். அறுந்தது திரும்பச் சேர வேண்டும் என்பதற்காக எஞ்சினியர்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. முதல் தடவை முயன்று தோற்றால் ஒரு விநாடி பொறு, அடுத்து ரெண்டு விநாடி, அடுத்து நாலு, எட்டு என்று காத்திருப்பை இரட்டிப்பாக்கு. இதற்குப் பெயர் எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃப். ஆயிரம் ஏஜென்ட்கள் ஒரே நேரத்தில் அறுந்து போனால் ஆயிரமும் ஒரே விநாடியில் திரும்ப வந்து கதவை இடிக்கும். அதனால் ஒவ்வொன்றின் காத்திருப்பு நேரத்தையும் கொஞ்சம் முன்னே பின்னே கலைத்து விடு. இதற்குப் பெயர் ஜிட்டர். ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பது மாதிரி. அருமையான ஏற்பாடு.

ஆனால் இதெல்லாம் "எப்படித் திரும்ப வருவது" என்ற ஒரு கேள்விக்கான பதில்தான். இன்னும் மூன்று கேள்விகள் இருக்கின்றன. போனது எப்போது தெரிந்தது? போன நேரத்துக் கணக்கு என்ன ஆனது? திரும்ப வந்தது உண்மையிலேயே வேலை செய்கிறதா? இந்த மூன்றையும் யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

முதல் கேள்வி. இணைப்பு அறுந்தால் உடனே ரெண்டு பக்கமும் தெரிந்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வயரைப் பிடுங்கினால் மறுமுனைக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிற முனை, "அவர் பேசாமல் இருக்கிறார் போல" என்று காத்துக்கொண்டே இருக்கும். லினக்ஸில் இதற்காகக் கீப்அலைவ் என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டு வைத்தாலும், அமைப்பை மாற்றாவிட்டால் முதல் விசாரிப்பு 7,200 விநாடி கழித்துத்தான் போகும். அதாவது ரெண்டு மணி நேரம்! ரெண்டு மணி நேரம் சத்தமே வராவிட்டால்தான் "அண்ணே இருக்கீங்களா?" என்று கேட்கும்.

இதனால்தான் நல்ல சாஃப்ட்வேர்கள் இதயத்துடிப்பு மாதிரி சின்னச் செய்தியை அடிக்கடி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தெருவில் ராத்திரி கூர்க்கா தடியைத் தட்டிக்கொண்டே போவாரே, அந்த மாதிரி. தட்டுகிற சத்தம் கேட்கிற வரை நிம்மதி. கேட்காவிட்டால் எழுந்து பார்க்க வேண்டும். நம்மில் பல பேர் சத்தம் கேட்காவிட்டால்தான் நன்றாகத் தூங்குகிறோம். பிரச்சினை அங்கேதான்.

ரெண்டாவது கேள்வி. அறுந்திருந்த நேரத்தில் ஏஜென்ட் சேர்த்த எண்கள் எங்கே போகும்? வரிசையில் காத்திருக்கும், இணைப்பு வந்ததும் போய்ச் சேரும் என்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று கேளுங்கள். இன்று நிறைய இடங்களில் ஓடுகிற ஓபன்டெலிமெட்ரி கலெக்டரில், அனுப்பத் தவறியதை மறுபடி முயல்வதற்கு இயல்பாக வைத்திருக்கிற உச்ச வரம்பு 300 விநாடி. அஞ்சு நிமிஷம் முயலும், அப்புறம் அந்தத் தொகுப்பை எறிந்துவிடும். காத்திருக்கிற வரிசையும் நாமாகப் போய் வட்டில் எழுதச் சொன்னால் ஒழிய மெமரியில்தான் இருக்கும். நடுவில் மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் அதுவும் காலி. பிரோமிதியஸ் என்கிற இன்னொரு பிரபலமான கருவி, எண்களை வேறொரு இடத்துக்கு அனுப்பும்போது மறுமுனை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தால் அனுப்பாத எண்கள் போய்விடும் என்று தன் ஆவணத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்ததற்கு ஒரு சலாம். அதைப் படித்துவிட்டு அமைப்பை மாற்றியவர்கள் எத்தனை பேர்?

எண்கள் தொலைவதைக்கூட நான் மன்னிப்பேன். தொலைந்ததை மறைப்பதைத்தான் மன்னிக்க முடியாது.

இங்கேதான் நம்ம சிலபஸ் வருகிறது. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் ஞாபகம் இருக்கா? இருப்பாய்வு ரெண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்யச் சொன்னார்கள்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு என்று ஒரு தனிக் கணக்கைத் திறந்து அதில் எழுதச் சொன்னார்கள். அதாவது, "இவ்வளவு ரூபாய் எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியல, தெரிஞ்சதும் சரி பண்றேன்" என்று எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைப்பது. பிழை கிடைக்கிற வரை அந்தக் கணக்கு அங்கேயே உறுத்திக்கொண்டு நிற்கும். யாராவது நேற்றைய ரொக்க இருப்பையும் நாளைய ரொக்க இருப்பையும் வைத்து நடுவில் ஒரு நாளை உத்தேசமாக நிரப்பிக் காட்டினால், அவனுக்கு மார்க் போட மாட்டார்கள். கம்பெனியில் செய்தால் வீட்டுக்கு அனுப்புவார்கள். சாஃப்ட்வேரில் செய்தால் அதற்குப் பெயர் "ஸ்மூத் கிராஃப்"!

இன்னொரு பாடமும் இருக்கிறது, பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். தொலைந்த தகவல் தற்செயலாகத் தொலைந்ததா, காரணத்தோடு தொலைந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும். கண்காணிப்பு இணைப்பு எப்போது அறுகிறது? பெரும்பாலும் மெஷின் திணறும்போது, நெட்வொர்க் நெரிசலாகும்போது. அதாவது எந்த நிமிஷத்தை நாம் பார்க்க வேண்டுமோ, சரியாக அந்த நிமிஷம்தான் காணாமல் போகிறது. பரீட்சைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணி "எங்கள் கல்லூரியில் 100 சதவீதத் தேர்ச்சி" என்று போர்டு வைப்பது போலத்தான் இது.

கணக்கே போட்டுப் பார்ப்போம். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிஷம். 99.9 சதவீதம் என்று வாக்குக் கொடுத்த சேவை மாதத்துக்கு 43.2 நிமிஷம்தான் படுக்கலாம். 150 நிமிஷம் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான கணக்கு 99.65 சதவீதம், வாக்குத் தவறிவிட்டது. ஆனால் அந்த 150 நிமிஷமும் கண்காணிப்பு அறுந்து கிடந்தால்? வகுக்கிற எண்ணிலிருந்தே அதைக் கழற்றிவிட்டால் 43,050-க்கு 43,050. நூற்றுக்கு நூறு! நாற்பது நிமிஷம் படுத்த நேர்மையானவனைவிட, ரெண்டரை மணி நேரம் ஆளோடு காணாமல் போனவனுக்கு மார்க் அதிகம். எங்கள் கடை ரிப்போர்ட்டில் இருந்த 100 இதுதான்.

மூன்றாவது கேள்வி: திரும்ப வந்தது உண்மையிலேயே வேலை செய்கிறதா? இதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 2003 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடி பேருக்கு மின்சாரம் போனது. அதைப் பற்றி ரெண்டு நாட்டு அரசுகளும் சேர்ந்து விசாரித்து அறிக்கை போட்டன. ஒஹாயோ மாநிலத்தில் ஃபர்ஸ்ட்எனர்ஜி என்கிற மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்கிற சாஃப்ட்வேர் மதியம் 2:14-க்கு உறைந்து போனது. "நான் உறைந்துவிட்டேன்" என்று அது சொல்லவில்லை. மணி அடிக்காததால் எல்லாம் நலம் என்று ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு சர்வர்களும் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 3:08-க்கு கம்ப்யூட்டர் பிரிவு ஆட்கள் சர்வரை ரீபூட் செய்து எழுப்பிவிட்டார்கள். எல்லா புரோகிராமும் ஓடுகிறது என்று திரையில் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். ஆனால் எச்சரிக்கை மணி மட்டும் அப்போதும் உறைந்தேதான் இருந்தது. "உங்களுக்கு மணி வருதா?" என்று கட்டுப்பாட்டு அறையில் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்யவில்லை. அதற்குள் 345 கிலோவோல்ட் லைன்கள் மரக்கிளைகளில் உரசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. 4 மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் கதை முடிந்தது. அதே நாளில் அந்த வட்டாரத்து மின் கட்டமைப்பை மேற்பார்க்கிற இன்னொரு அமைப்பில், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக ஓட வேண்டிய கணிப்புக் கருவியைச் சரி செய்வதற்காக ஒருவர் நிறுத்தினார். சரி செய்தார். தானாக ஓடுகிற சுவிட்சை மறுபடி போட மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

யாரையும் கேலி செய்யச் சொல்லவில்லை. நானும் எத்தனையோ தடவை சுவிட்சை மறந்திருக்கிறேன். "திரும்ப எழுந்துவிட்டது" என்பதும் "திரும்ப வேலை செய்கிறது" என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அது பழங்கதை, இப்போதெல்லாம் அப்படி இல்லை என்பவர்களுக்கு 2021. டிசம்பர் 7 அன்று அமேசானின் கிளவுட் சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் திணறியது. உள் நெட்வொர்க்கில் திடீரென்று இணைப்பு முயற்சிகள் பெருகி நெரிசல். நெரிசலால் தாமதம், தாமதத்தால் மறுமுயற்சிகள், மறுமுயற்சிகளால் இன்னும் நெரிசல். மேலே சொன்னேனே பேக்ஆஃப், அது சரியாக வேலை செய்ய விடாமல் மறைந்திருந்த ஒரு பிழை தடுத்திருக்கிறது. அதே நெரிசலில் அவர்களுடைய சொந்தக் கண்காணிப்புத் தகவலும் போய்விட்டது. என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளவே அதனால் தாமதமானது என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். காலை 7:30-க்கு ஆரம்பித்தது, நெட்வொர்க் கருவிகள் முழுதாகத் தேற மதியம் 2:22. உலகத்துக்கே கம்ப்யூட்டர் வாடகைக்கு விடுகிறவனுக்கே கண் கட்டிப் போகிறது என்றால் எங்கள் மளிகைக் கடை எந்த மூலை?

அதே வருஷம் ஜனவரி 4, ஸ்லாக். புத்தாண்டு விடுமுறை முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பிய நாள். நெட்வொர்க் நெரிசலில் அவர்களுடைய டாஷ்போர்டுகளும் எச்சரிக்கைகளும் கைக்கு எட்டாமல் போயின. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அவர்களுடைய சர்வர்கள் நெட்வொர்க்கிலிருந்து பதில் வரக் காத்துக்கொண்டு நின்றதால் சிபியு அளவு குறைவாகக் காட்டியது. "சும்மாத்தானே இருக்குது" என்று தானியங்கி ஏற்பாடு சர்வர்களைக் குறைக்க ஆரம்பித்தது. அப்புறம் வேறொரு அளவைப் பார்த்துவிட்டு, காலை 7:01-இலிருந்து 7:15-க்குள் 1,200 சர்வர்களைச் சேர்க்க முயன்றது. அவ்வளவையும் தயார்படுத்துகிற அமைப்பு தாங்காமல் அதுவும் தடுமாறியது.

காத்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்துச் சும்மா நிற்கிறான் என்று முடிவு கட்டுவது. இதைப் படித்தபோது எனக்கு முதல் கவுன்டர் அண்ணன் ஞாபகம் வந்தார். வேறு யார் வருவார்?

இப்போது எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம்.

"நெட் ஒவ்வொரு தடவை போகும்போதும் மணி அடிச்சா யாருப்பா தூங்குறது?" நியாயமான கேள்வி. அரை நிமிஷம் போய் வந்ததற்கெல்லாம் மணி அடித்தால் ரெண்டாம் நாளே ஊழியர் மணியை அணைத்து வைத்துவிடுவார். ஆனால் நான் முதலில் கேட்பது மணியை அல்ல, பதிவை. அரை நிமிஷம் போனால் எழுப்ப வேண்டாம், ஆனால் ஏட்டில் எழுதுங்கள். எந்தக் கணக்குப்பிள்ளையும் பத்து ரூபாய் வித்தியாசத்துக்கு முதலாளியை ராத்திரி எழுப்ப மாட்டார். அதற்காக அதை எழுதாமலும் விட மாட்டார்.

"எல்லாவற்றையும் சேர்த்து வைக்க மெமரி, டிஸ்க் எல்லாம் காசு." ஒத்துக்கொள்கிறேன். எல்லா எண்ணையும் சேர்த்து வைக்க முடியாவிட்டால் வேண்டாம். "6:40 முதல் 9:10 வரை என்னிடம் ஒன்றும் இல்லை" என்று ஒரு வரி எழுத எவ்வளவு மெமரி வேண்டும்?

"இந்த வசதியெல்லாம் ஏற்கனவே இருக்கு, நீதான் செட் பண்ணத் தெரியாம பேசுற." இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வாதம். ஆமாம், இருக்கிறது. கிரஃபானாவில் இடைவெளியை இடைவெளியாகவே விடலாம், இயல்பாக அப்படித்தான் விடும். ஆனால் கோடு போட்டு இணைக்கிற வசதியும் பக்கத்திலேயே இருக்கிறது. தகவலே வராவிட்டால் "சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்" என்கிற தேர்வும் இருக்கிறது. பிரோமிதியஸ் ஒரு சர்வரைத் தொட முடியாவிட்டால் அதற்கு 0 என்று தனியாகக் குறித்து வைக்கும், நல்ல பழக்கம். ஆனால் "சிபியு 90-ஐத் தாண்டினால் மணி அடி" என்று மட்டும் நீங்கள் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும் தெரியுமா? சிபியு 95-இல் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது சர்வர் மொத்தமாகக் காணாமல் போனால், 90-ஐத் தாண்டியதாகக் காட்ட எண்ணே இல்லாததால் மணி நின்றுவிடும். பல இடங்களில் "பிரச்சினை தீர்ந்தது" என்று செய்திகூடப் போகும்! நோயாளி செத்துப் போனதால் காய்ச்சல் குறைந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது மாதிரி. இதற்கும் மாற்று எழுத முடியும், தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். தெரியாத மளிகைக் கடைக்காரர் என்ன செய்வார்? அவர் பச்சை விளக்கை நம்புவார். நேர்மை என்பது ஏழாவது மெனுவுக்குள் தேடிப் போய்ப் போட வேண்டிய சுவிட்சாக இருக்கக் கூடாது. பெட்டியைத் திறக்கும்போதே போட்டிருக்க வேண்டும்.

ரயில்வேக்காரர்களைப் பாருங்கள். சிக்னல் கம்பத்தில் விளக்கே எரியவில்லை என்றால், டிரைவர் அதைப் பச்சை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எவ்வளவு கட்டுப்பாடான அறிகுறியை அந்த சிக்னல் காட்ட முடியுமோ, அதைக் காட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது ரயில்வேயில் பழைய விதி. நம்ம டாஷ்போர்டுகளுக்கு மட்டும் ஏன் விளக்கு அணைந்தால் பச்சை?

ஆகவே மகாஜனங்களே, என் கோரிக்கைகள் நாலே நாலு.

ஒன்று. இணைப்பு இல்லாத நேரத்தை ஓட்டையாகவே காட்டுங்கள். கோடு போட்டு இணைக்காதீர்கள், பூஜ்யம் போடாதீர்கள், கடைசி எண்ணையே இழுத்து நீட்டாதீர்கள். அது அனாமத்துக் கணக்கு. உறுத்தட்டும்.

ரெண்டு. சதவீதம் போட்டால் பக்கத்திலேயே எத்தனை நிமிஷத்தைப் பார்த்துப் போட்டீர்கள் என்றும் போடுங்கள். "100 சதவீதம் (1,440-இல் 1,290 நிமிஷம் மட்டும் பார்த்தது)" என்று அன்றைக்கு எழுதியிருந்தால் நான் அதை உரக்கப் படித்திருப்பேன். சித்தப்பாவும் "மிச்சம் எங்கடா?" என்று கேட்டிருப்பார். கணக்கு என்றால் அவர் விட மாட்டார்.

மூன்று. மௌனத்தைப் பிடிக்கிற வேலையை மறுமுனையிடம் கொடுங்கள். வாயடைத்துப் போனவனே வந்து "எனக்கு வாயடைத்துவிட்டது" என்று சொல்ல முடியாது. பிரோமிதியஸ் உலகத்தில் வாட்ச்டாக் என்று ஒரு எச்சரிக்கை வைக்கிறார்கள். எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் வெளியில் இருப்பவர் எழுந்து ஓட வேண்டும். கூர்க்கா தடிதான், வேறொன்றும் இல்லை. அதோடு, தகவல் இல்லாததால் நின்ற மணியைத் "தீர்ந்தது" என்று சொல்லாதீர்கள், "தெரியவில்லை" என்று சொல்லுங்கள்.

நாலு. திரும்ப இணைந்ததும் ஒரு சோதனை எண்ணை ஏஜென்டிலிருந்து அனுப்பி, அது மறுமுனைத் திரை வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகு பச்சை போடுங்கள். தாமதமாக வந்து சேர்ந்த எண்களுக்கு "தாமதமாக வந்தது" என்று முத்திரை குத்துங்கள். 2003-இல் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், மணி செத்துக் கிடப்பதாவது 3:08-க்கே தெரிந்திருக்கும்.

இதில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் இல்லை. எண்களைப் பார்த்து மனிதர்களைப் பற்றி முடிவெடுக்கிற காலம் இது. கடையில் மட்டும் இல்லை, நாளைக்கு நாம் வேலைக்குப் போகிற ஒவ்வொரு ஆபீஸிலும் யாரோ ஒருவர் ஒரு ரிப்போர்ட்டைத் திறந்து நம்மைப் பற்றிப் படிக்கப் போகிறார். அதில் ஓட்டை இருக்கலாம், அதைத் தவிர்க்க முடியாது. ஓட்டைக்கு மேல் பச்சை பெயின்ட் அடித்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. கண்டுபிடித்த அன்றே சித்தப்பாவிடம் சொன்னேன், அவர் சொன்ன பதிலைத்தான் மேலே எழுதினேன். அண்ணனுக்குப் போன் செய்யத்தான் ரெண்டு வாரம் ஆனது, தைரியம் வரவில்லை. இப்போது வேறொரு கடையில் பில் போடுகிறார். "அண்ணே, அன்னைக்கு மெஷின்தாண்ணே கோளாறு. நான்தான் தப்பா படிச்சிட்டேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மெஷின் கோளாறுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. உங்க சித்தப்பாட்ட சொன்னீங்களா?"

சொன்னேன் அண்ணே, என்றேன். அவர் என்ன சொன்னார் என்று அண்ணன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பி.கு: சித்தப்பா கடையில் ஹார்டு டிஸ்க் மாற்றியாச்சு. ரிப்போர்ட் இப்போதும் மாதா மாதம் வருகிறது. நான் முதலில் வரிகளை எண்ணுகிறேன். 1,440 இல்லாத நாளை சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு சித்தப்பா மேஜையில் வைத்துவிட்டு வருகிறேன். இதுவரை மூன்று வட்டம்.